வீட்டூர்தியின் தரையும் குளிரும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கியதும், பெங்களூரு வீடுகளின் தரைக்கல் சுரீரெனக் குளிர்வதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அருகிலேயே கிடக்கும் கால்மிதி அவ்வாறு குளிர்வதில்லை. இரவு முழுவதும் இரண்டும் ஒரே அறையில் கிடந்தவை. ஆகவே இரண்டின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றே. பின்னர் ஒன்று மட்டும் குளிர்வது ஏன்?

இவ்வினாவுக்குரிய விடையைச் சக்கரங்களின் மேல் செல்லும் ஒரு வீட்டைக் கொண்டு அறிவோம். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட பெரிய ஊர்தியை மக்கள் கேரவன் என்கின்றனர். நாம் அதனை வீட்டூர்தி என்போம். திரைப்படப் படப்பிடிப்புகளால் தமிழர்க்குப் பழக்கமான கேரவன், இன்று சுற்றுலாவுக்கும் பயன்படுகிறது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. பெங்களூருவிலும் வேன்களை இவ்வாறு மாற்றி அமைப்போர் உள்ளனர்; வாடகைக்கு விடுவோரும் உள்ளனர்.

பெங்களூருவிலிருந்து புறப்படும் வீட்டூர்திகள் பல நீலகிரிக்குச் செல்கின்றன. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. எனவே தாமதமாகப் புறப்பட்டவர்கள் குண்டுலுப்பேட்டைப் பக்கமே இரவைக் கழிக்க நேரும். மறுநாள் இரவு உதகமண்டலம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 செல்சியஸ் பாகை குறையும். ஆகவே நம் நகரைவிட உதகையில் எட்டு, ஒன்பது பாகை குளிர் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. தை மாதத்தில் அங்குப் புல்வெளிகளில் உறைபனி படிவதும் உண்டு. பெங்களூருவும் குளிருக்குப் புதிய ஊரன்று. 1884ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் இங்கு 7.8 பாகை பதிவாகியுள்ளது. கன்னடத்தில் குளிரைச் 'சளி' என்பர். தமிழில் அச்சொல் மூக்கில் வருவதைக் குறிக்கும். இரண்டு மொழிகளும் பேசும் உங்களுக்கு இவ்விரண்டின் தொடர்பை விளக்க வேண்டியதில்லை!

பழைய வீட்டூர்திகள் பலவற்றின் தரையில் கம்பளம் ஒட்டப்பட்டிருக்கும். வெறுங்காலுக்கு அது இதமானது. ஆயினும் நம் நாட்டு மழைக்கும் மண்ணுக்கும் அது ஏற்றதன்று. கர்நாடகத்துச் செம்மண் அதன் இழைகளுக்குள் புகுந்தால் எளிதில் வெளியேறாது. ஒருமுறை நனைந்த கம்பளம் மூடிய ஊர்திக்குள் பல நாள் உலராது. அடியில் பூஞ்சை படரும், நாற்றம் எழும். தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் அதில் பெருகும். இழுப்பு நோய் உள்ள ஒரு குழந்தை அவ்வூர்தியில் உறங்கினால் இரவெல்லாம் இருமும். இக்காரணங்களால் பலர் கம்பளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு வினைல் விரிப்பை இடுகின்றனர்.

வினைல் என்பது பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனது. தண்ணீர்க் குழாய்களில் விறைப்பாக இருக்கும் அதே பொருள்தான், மென்மையூட்டும் வேதிப்பொருள் சேர்ந்ததும் சுருட்டக்கூடிய விரிப்பாகிறது. அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன் 1926ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டறிந்தார். இந்திய ரயில் பெட்டிகளின் தரையில் நீங்கள் மிதிப்பதும் பெரும்பாலும் இவ்வகை விரிப்பே. நீர் இறங்காது, துடைத்தால் தூய்மையாகிவிடும். ஆனால் கம்பளத்தை எடுத்துவிட்டு வினைலை இட்டவர்கள், முதல் மலைப்பயணத்திலேயே ஊர்தி முன்பைவிடக் குளிர்வதாகக் கூறுவர். அவர்கள் கூறுவது உண்மை.

இதற்கான காரணத்தைக் காண்போம். வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்லும். எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பது இடையிலுள்ள பொருளைப் பொறுத்தது. அசையாத காற்றைவிடக் கருங்கல் சுமார் நூறு மடங்கும், எஃகு சுமார் இரண்டாயிரம் மடங்கும் எளிதாக வெப்பத்தைக் கடத்துகின்றன. கம்பளத்தின் இழைகளுக்கு இடையே அகப்பட்டிருப்பது அசையாத காற்று. கம்பளம் நமக்கு வெப்பத்தைத் தருவதில்லை. நம் வெப்பம் வெளியேறாமல் காற்றைக் காவல் வைக்கிறது, அவ்வளவே. பாட்டி வீட்டுக் கோரைப்பாயும் பவானி ஜமுக்காளமும் செய்யும் வேலையும் இதுதான்.

காலுக்குத் தோன்றும் குளிர் ஒன்று. அறை குளிர்வது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்து அறியாமல் பலர் வீண்செலவு செய்கின்றனர்.

முதலில் காலைப் பார்ப்போம். தரை 16 பாகையிலும் பாதம் 30 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். பாதம் தொட்ட கணத்தில் தொடுமிடத்தின் வெப்பநிலை கருங்கல்லில் சுமார் 21 பாகையாகவும், வினைலில் சுமார் 26 பாகையாகவும், கம்பளத்தில் ஏறத்தாழ 29 பாகையாகவும் அமையும் எனக் கணக்கிடலாம். தரையின் வெப்பநிலை மூன்றிலும் ஒன்றே. பாதத்திலிருந்து வெப்பத்தைப் பறிக்கும் விரைவுதான் வேறு. விடியற்காலைத் தரைக்கல்லின் புதிர் இத்துடன் அவிழ்கிறது. கல்லைவிட வினைல் இதமானது, கம்பளத்தைவிடக் குளிர்ச்சியானது. இக்குறையைப் போக்கப் படுக்கையருகே ஒரு சிறு பாயோ துவைக்கக்கூடிய விரிப்போ போதும். அழுக்கானால் அதனை வெளியே உதறலாம். ஒட்டிய கம்பளத்தை உதற இயலுமா?

அடுத்தது அறை. வீட்டுத் தரைக்கு அடியில் மண் உண்டு. மண் இரவுக்கு இரவு அதிகம் குளிர்வதில்லை. வீட்டூர்தியின் தரைக்கு அடியிலோ காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. அத்தரையின் எஃகுத் தகடு, உள்ளிருக்கும் வெப்பத்தை மலைக்காற்றிடம் ஒப்படைத்துவிடும். 8 மில்லிமீட்டர் கம்பளம் அதனைத் தடுத்த அளவில், 2 மில்லிமீட்டர் வினைல் பத்தில் ஒரு பங்குகூடத் தடுக்காது. ஆனால் இழந்ததை ஈடுசெய்வது கடினமன்று. தெர்மகோலின் இனத்தைச் சேர்ந்த, அதைவிட இறுகிய நுரைப்பலகை கடைகளில் கிடைக்கும். நுண்ணிய குமிழ்களில் காற்றை அடைத்துவைத்த பலகை அது. அதில் வெறும் 4 மில்லிமீட்டர் இருந்தாலே அக்கம்பளத்துக்கு ஈடாகும். 10 மில்லிமீட்டர் இட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் காக்கலாம். வெப்பத்தைக் காப்பது மேலே தெரியும் விரிப்பன்று. அடியில் மறைந்திருக்கும் அடுக்கே.

இனி வேலை முறை. கம்பளத்தையும் பழைய பசையையும் முற்றிலும் சுரண்டி எடுக்க வேண்டும். பின்னர் அடித்தரையைப் பொறுமையாகச் சோதிக்க வேண்டும். துருப்பிடித்த இடத்தைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு பூச வேண்டும். ஊறிய பிளைவுட் பலகையை மாற்ற வேண்டும். அழுகலின்மேல் புதிய தரையை இடுவது நோயின்மேல் சட்டை அணிவது போன்றது. அதன்மேல் நுரைப்பலகை, அதற்கு மேல் பிளைவுட், கடைசியில் வினைல். நடுவில் பிளைவுட் எதற்கு? அது இல்லையெனில் மேசைக்கால் நுரையில் அழுந்தி, வினைலில் குழி விழும். தரை உயர்வதால் கதவு தட்டுமா என்பதை வேலை தொடங்கும் முன்பே அளந்து பார்ப்பது நல்லது.

வினைலை வெட்டும் முன், பழுப்புத்தாளில் தரையின் வடிவத்தை வரைந்து வெட்டிக்கொள்வது தச்சர்கள் கையாளும் முறை. ஊர்திக்குள் நேர்கோடான சுவர் அரிது. விரிப்பை ஒரு நாளேனும் அதே இடத்தில் விரித்துவைத்தால் அது சுருள் நீங்கிப் படியும். ஓரங்களில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய ஊர்திக்குள் வினைல் விரியும். இடமில்லையெனில் நடுவில் புடைத்து எழும். அவ்விடைவெளியை ஓரச்சட்டம் மறைத்துவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் கத்தியை நிறுத்தி யோசிக்க வேண்டும். எரிவாயு உருளை வைக்கும் அறையின் அடியிலும், சில ஊர்திகளில் தரையிலும், சிறு துளைகள் இருக்கும். குளிர்காற்று நுழைகிறதே என்று அவற்றை அடைத்து, மேலே வினைலை ஒட்டிவிடுவோர் உண்டு. இது பேராபத்து. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அது கசிந்தால் மேலே செல்லாது. நீரைப்போல் தரையில் தேங்கும். அது வெளியேறவே அத்துளைகள் உள்ளன. ஒரு தீப்பொறி போதும்.

இதனினும் மறைவான ஆபத்து வேறொன்று உண்டு. குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ ஊர்திக்குள் ஏற்றிவைத்து, கதவுகளை மூடி உறங்குதல். கரி எரியும்போதும், காற்று போதாமல் அடுப்பு எரியும்போதும் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதி ஏற்றுச் செல்ல வேண்டிய ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். உறங்குபவர் விழிக்காமலே இறப்பர். மலையூர் விடுதி அறைகளில் இவ்வாறு இறந்தோர் பலர். ஆகவே அடுப்பு சமைப்பதற்கு மட்டுமே. உறங்கும்போது கம்பளிப் போர்வையும் காலுறையும் துணை.

சாளரத்தை விரலளவு திறந்துவைப்பதற்கும் காரணம் உண்டு. நால்வர் உறங்கும் ஊர்தியில், அவர்தம் மூச்சாலும் வியர்வையாலும் ஓரிரவில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. போக வழியில்லையெனில் அது குளிர்ந்த தகட்டில் நீர்த்துளிகளாகப் படிந்து, புதிய தரையின் அடியில் இறங்கும். சில ஆண்டுகளில் பிளைவுட் மீண்டும் ஊறிவிடும்.

செய்து பார்க்க
காலையில் வெறுங்காலுடன் உங்கள் வீட்டுத் தரைக்கல், மரப்பலகை, பாய், இரும்புக் கதவின் கீழ்ச்சட்டம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மிகக் குளிர்ந்ததிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்தி எழுதுங்கள். பின்னர் நண்பகலில், வெயில் படாத இடத்தில், அவற்றை மறுமுறை தொட்டு, வரிசை மாறியதா எனக் குறியுங்கள்.

சொற்பொருள்
ஊர்தி – வாகனம்; சாளரம் – சன்னல்; குருதி – இரத்தம்; நெகிழி – பிளாஸ்டிக்; பாகை – டிகிரி

விடை எழுதுக
1. கால்மிதியும் தரைக்கல்லும் ஒரே வெப்பநிலையில் இருந்தும், கல் மட்டும் குளிர்வதாகத் தோன்றுவது ஏன்?
2. வினைலுக்கு அடியில் நுரைப்பலகை இட்ட பின்னரும் படுக்கையருகே பாய் தேவைப்படுவது ஏன்?
3. உங்கள் சொந்த ஊர் வீட்டின் தரை எதனால் ஆனது? கோடையிலும் குளிர்காலத்திலும் அது எவ்வாறு இருக்கும் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.