மெராம்போங் கடலில் மாணவர்கள் எண்ணுவது என்ன?

கெலாங் பாத்தா - சிங்கப்பூருக்குச் செல்லும் இரண்டாவது பாலத்திற்குத் தெற்கே, ஜொகூர் நீரிணையில் இருக்கிறது சின்னஞ்சிறு மெராம்போங் தீவு. அதையொட்டிய ஆழமற்ற திட்டில் மலேசியாவின் மிகப் பெரிய கடற்புல் படுகைகளில் ஒன்று உள்ளது. கடல்சார் ஆய்வு மாணவர்கள் இங்கு வருவது இந்தப் புல்லுக்காகத்தான்.

கடற்புல் வேறு, கடற்பாசி வேறு. கடற்புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு. நண்டு, இறால், மீன் குஞ்சுகள் வளர்வது இதன் மறைவில்தான். கடற்குதிரை இங்கு வாழ்கிறது. கடற்பசுவுக்கு இதுவே உணவு. கெலாங் பாத்தா உணவகங்களில் நாம் ருசிக்கும் கடல் உணவுக்கும் இந்தப் புல்லுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஆய்வுப் பயணம் என்றதும் பலர் உல்லாசப் பயணத்தை நினைக்கிறார்கள். உண்மையில் இது சேற்றில் செய்யும் வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் சில மணி நேரத்திற்குள் வேலையை முடிக்க வேண்டும். மணலில் புதைந்திருக்கும் திருக்கை மீன் கொட்டாமலிருக்க, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும்.

உலகம் முழுவதும் பயன்படும் ஒரு முறையில், 50 மீட்டர் நீளக் கயிறுகள் மூன்றை 25 மீட்டர் இடைவெளியில் விரிப்பார்கள். ஒவ்வொரு 5 மீட்டருக்கும் அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றை வைப்பார்கள். மொத்தம் 33 சட்டங்கள். ஒவ்வொன்றிலும் புல் எத்தனை விழுக்காடு மூடியுள்ளது, எந்தெந்த வகை, எவ்வளவு உயரம் என்று குறிப்பார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் புரியும். விளைச்சலைக் கணிக்க எல்லா மரத்தின் குலையையும் எண்ணுவதில்லை. சில வரிசைகளை எண்ணியே முழுத் தோட்டத்தையும் கணக்கிடுகிறோம். இங்கும் அதே கணக்குதான்.

இந்தக் கணக்கு எதற்கு? 2014ஆம் ஆண்டு ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்திற்காக இங்கு கடலை மண் நிரப்பித் தூர்க்கத் தொடங்கினார்கள். கடற்புல் படுகையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டது. மீனவர்கள் குரல் கொடுத்தனர். சிங்கப்பூரும் கவலை தெரிவித்தது. அவ்வாண்டு ஜூனில் பணி நிறுத்தப்பட்டது. விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிற்குப் பிறகு, 2015 ஜனவரியில், நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் “முன்பு நிறைய இருந்தது” என்ற வாய்ப்பேச்சு எடுபடாது. எந்த ஆண்டு, எந்த இடத்தில், எவ்வளவு இருந்தது என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால், இழந்ததை இழந்தோம் என்று நிரூபிக்கக்கூட முடியாது.

பதிவு செய்வது பல்கலைக்கழக மாணவர்கள் மட்டுமல்ல. தஞ்சோங் கூப்பாங் வட்டாரத்தில் 2008இல் தொடங்கிய கெலாப் அலாமி, மீனவக் கிராமத்துப் பிள்ளைகளுக்கே கடற்புல்லை இனங்காணவும் அளக்கவும் கற்றுக்கொடுத்தது. தாத்தாவும் அப்பாவும் அனுபவத்தில் அறிந்ததைப் பிள்ளைகள் எண்ணாக எழுதி வைத்தார்கள்.

நம் பிள்ளைகளும் இத்துறைக்கு வரலாம். திரெங்கானு மலேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் கடல் உயிரியல் பட்டப்படிப்பு உள்ளது. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனில் அறிவியல் எடுத்தவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். கடல் என்றதும் பயப்படும் பெற்றோருக்கு ஒரு சொல்: வற்றிய கடலில் கடற்புல்லை அளப்பவருக்குப் பெரும்பாலும் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பொறுமைதான் அதிகம் வேண்டும்.