கையைப் பற்றியது நினைவா, அனிச்சையா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “டாக்டர், அப்பா என் விரலை இறுக்கிப் பிடிச்சாங்க. நினைவு திரும்பிருச்சுதானே?” கேட்பவர் மகளாக இருப்பார், சில வேளைகளில், இராஜபாளையத்து நூற்பாலையில் இரவுப் பணி முடித்து நேரே இங்கு வந்த மகனாக இருப்பார். பல நாட்களாகக் கண் திறவாமல் கிடப்பவரின் கை தம் விரலைப் பற்றிக்கொண்டது அவர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் “ஆம்” என்று உடனே சொல்ல எங்களால் இயலுவதில்லை. பற்றியது அவரது விருப்பமாக இருக்கலாம். அவர் அறியாமலே உடல் செய்ததாகவும் இருக்கலாம்.

இச்சையின்றி நிகழ்வதால் இதனை அனிச்சைச் செயல் என்கிறோம். நோயாளியின் அருகில் இருப்போர் இதைப் பற்றி ஓரளவு அறிந்திருப்பது நல்லது. இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வீண் நம்பிக்கையும் வீண் அச்சமும் உண்டாகின்றன. சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேர்கிறது.

அனிச்சைச் செயல் நிகழும் விதம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்கும் வாணலியின் விளிம்பில் தவறுதலாக விரல் பட்டால் கை வெடுக்கென்று பின்வாங்கும். “சுடுகிறது” என்ற உணர்வு அதற்குப் பிறகே வரும். தோலிலிருந்து புறப்படும் செய்தி தண்டுவடத்தை அடைந்தவுடன் அங்கிருந்தே தசைக்கு ஆணை பிறந்துவிடுகிறது. அதே செய்தி மூளைக்கும் செல்கிறது. ஆனால் அது அங்கே சேர்ந்து வலியாக உணரப்படுவதற்குள் கை விலகியிருக்கும். மூளையின் அனுமதிக்குக் காத்திருந்தால் தோல் வெந்துவிடும் என்பதால் இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது.

முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டும்போது கால் முன்னோக்கி உதைப்பதும் இவ்வகையே. 1875ஆம் ஆண்டு ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்பால் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே இதனை விவரித்து எழுதினர். தட்டும்போது தொடைத் தசை சற்றே இழுபடுகிறது. அச்செய்தி இடுப்புப் பகுதித் தண்டுவடத்திற்குச் சென்று, உடனே திரும்பி, அதே தசையைச் சுருங்கச் செய்கிறது. கால் உதைக்காவிட்டால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கலாம். மிகையாக உதைத்தால், மேலிருந்து மூளை செலுத்தும் கட்டுப்பாடு குறைந்திருக்கலாம். விலை உயர்ந்த கருவிகள் வந்த பின்பும் நாங்கள் சுத்தியலைக் கைவிடாததற்கு இதுவே காரணம்.

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் அது இறுகப் பற்றிக்கொள்ளும். உரத்த ஓசை கேட்டால் கைகளை விரித்துத் திடுக்கிடும். “புள்ள பயந்திருச்சு” என்று மந்திரிக்கக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. இவை நலமான குழந்தையின் அனிச்சைகள். மூளை வளர வளர, முதல் ஆறு மாதங்களுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். மறைந்தாலும் அழிந்துவிடுவதில்லை, மூளையின் முன்பகுதி அவற்றை அடக்கி வைக்கிறது. பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ அப்பகுதி பழுதுபட்டால், குழந்தைப் பருவத்தின் பற்றும் அனிச்சை எழுபது வயதிலும் திரும்பி வரக்கூடும். மகளின் விரலை அப்பாவின் கை பற்றியது அதனாலும் இருக்கலாம்.

காவல் தவறும் இடங்கள்

அனிச்சைகளுள் பல நம் உடலின் காவலர்கள். காவலர் உறங்கிவிட்டால் அவருடைய வேலையை வீட்டார்தாம் ஏற்க வேண்டும்.

முதலாவது, நீரிழிவு நோயாளிகளின் பாதம். பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பாத நரம்புகளை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. முள் குத்தினால் கால் விலகுவதற்கு, குத்தியது என்ற செய்தி முதலில் தண்டுவடத்திற்குச் சேர வேண்டும். அச்செய்தியே புறப்படாதபோது கால் அசையாது நிற்கும். கோடை நண்பகலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல் தரையை மற்றவர்கள் துள்ளித் துள்ளிக் கடப்பார்கள். ஒருவர் மட்டும் நிதானமாக நடந்து சென்றால் அதை மன உறுதி என்று எண்ணிவிடாதீர்கள். வீடு திரும்பியதும் அவருடைய உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் இருந்தும் அவர் அறியாமல் இருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் இரவில் பாதங்களைப் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சுடுநீர் ஒத்தடம் கொடுக்குமுன் வேறொருவர் கையால் சூடு பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணிவது நலம்.

இரண்டாவது, இருமலும் விழுங்குதலும். நாம் விழுங்கும் ஒவ்வொரு மிடறின்போதும் மூச்சுக்குழலின் வாய் தானே மூடிக்கொள்கிறது. தப்பித்தவறி ஒரு துளி உள்ளே சென்றாலும் இருமல் அதை வெளியே தள்ளிவிடுகிறது. பக்கவாதம் தாக்கியவர்களுள் பலருக்கு இந்த ஏற்பாடு தற்காலிகமாகத் தளர்ந்துவிடுகிறது. அப்போது வாயில் ஊற்றிய பால், இருமலே இல்லாமல் ஓசையின்றி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். “ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல, ஒரு வாய் பால் மட்டும்தான் கொடுத்தோம்” என்று அன்போடு சொல்லும் குடும்பத்தாரிடம் எங்களால் கோபம் கொள்ள முடிவதில்லை. ஆனால் அந்த ஒரு வாய்ப் பால், பக்கவாதத்தைக் காட்டிலும் பெரிய ஆபத்தாக முடிந்த நிகழ்வுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக நீர், பால், சோடா, மாத்திரை எதுவும் தரலாகாது. பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்கும் திறனைப் பரிசோதித்து நாங்கள் இசைவு தந்த பின்னரே உணவு தர வேண்டும். அதுவரை அவர் பட்டினி கிடப்பதில்லை. மூக்குவழிக் குழாயும் நரம்புவழி நீர்மமும் அதற்காகத்தான்.

மூன்றாவது, மயக்கம். ஆடிப்பூரத் தேரோட்ட நெரிசலில் நெடுநேரம் நின்றவர், அல்லது ஊசியைக் கண்டவர், முகம் வெளிறி வியர்த்துச் சரிவதைக் கண்டிருப்பீர்கள். ஓர் அனிச்சையின் மிகையால் இதயத் துடிப்பு குறைந்து, இரத்தக் குழாய்கள் தளர்ந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்றுநேரம் குறைவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். தரையில் கிடப்பதே அதற்கு மருந்து. பதற்றத்தில் அவரைத் தூக்கி நிறுத்துவதும் நாற்காலியில் உட்கார வைப்பதும் தவறு. படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். காற்று வர வழிவிடுங்கள். ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, நெஞ்சுவலி இருந்தாலோ, கை கால் இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அசைவின்மை இறப்பு அன்று

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தோப்புகளும் வயல்களும் சூழ வாழும் நம் மக்களுக்குப் பாம்புக்கடி புதிதன்று. அவற்றுள் கட்டுவிரியனின் கடி பலரை ஏமாற்றிவிடும். இரவில் தரையில் உறங்குவோரை அது கடிக்கிறது. வலியும் வீக்கமும் பெரிதாக இராது. பல்தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமைகள் தொங்குதல், குழறும் பேச்சு, விழுங்க இயலாமை எனத் தொடங்கி, ஒவ்வொரு தசையாகச் செயலிழக்கும். நரம்பு அனுப்பும் ஆணை தசைக்குச் சேரும் இடத்தில் அந்நஞ்சு தடையாகிறது.

நஞ்சு மிகுந்துவிட்டால் கைகால் அசையாது, மூச்சு நின்றுவிடும், சுத்தியலுக்குக் கால் உதைக்காது, கண்மணியில் ஒளி பாய்ச்சினாலும் அது சுருங்காமல் போகலாம். பார்ப்பவர்கள் “முடிந்துவிட்டது” என்றே எண்ணுவார்கள். ஆனால் உள்ளே மூளை விழித்திருக்கக்கூடும். அருகில் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். மூச்சுக் கருவியின் துணையும் நஞ்சுமுறி மருந்தும் உரிய நேரத்தில் கிடைத்து, சில நாட்களில் தாமே எழுந்து நடந்து வீடு சென்றவர்கள் உண்டு. ஆகவே, காலையில் காரணமின்றி இமை தொங்கினால் கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கயிற்றால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். கட்டிலில் கொசுவலைக்குள் உறங்குவது எளிய தற்காப்பு. தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியுள்ளது.

அசைவும் உயிர்ப்பு அன்று

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சொல்வதற்குக் கடினமானது, ஆயினும் சொல்லியாக வேண்டும்.

சாலை விபத்தில் மூளைத்தண்டு முற்றிலும் செயலிழந்தால் அதனை மூளைச்சாவு என்கிறோம். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு இதனை உறுதிசெய்கிறது. அவர்கள் சோதிப்பது பெரும்பாலும் அனிச்சைகளையே. ஒளிக்குக் கண்மணி சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் குளிர்ந்த நீர் செலுத்தினால் விழி நகர்கிறதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் எழுகிறதா, கருவியை விலக்கினால் தானே மூச்செடுக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் மீண்டும் ஒருமுறை அத்தனையும் சோதிக்கப்படும். தூக்க மருந்து, உடல் குளிர்ந்துபோதல், கட்டுவிரியன் நஞ்சு போன்றவை மூளைச்சாவைப் போல் தோற்றம் காட்டக்கூடும் என்பதால், அவை இல்லையென உறுதியான பின்பே சோதனையே தொடங்கும்.

அவ்வாறு உறுதிசெய்த பின்னரும் அவருடைய கால்விரல் அசையலாம். அரிதாகக் கையே உயரலாம். அது தண்டுவடத்தின் அனிச்சை. பால்கோவா வாணலியிலிருந்து கை விலகியபோது மூளையைக் கேளாமல் ஆணையிட்ட அதே தண்டுவடம், மூளை இறந்த பின்பும் சிறிது காலம் தன் வேலையைச் செய்கிறது. “விரல் அசைஞ்சுச்சே டாக்டர், அப்புறம் எப்படிச் செத்துட்டாங்கன்னு சொல்றீங்க?” என்று கேட்கும் தாயிடம் இதை விளக்குவதைவிடக் கடினமான பணி எங்களுக்கு வேறொன்றில்லை. அவர் கண்டது பொய்யன்று. அசைவு உண்மை, அதை அசைத்தவர் அங்கு இல்லை என்பதும் உண்மை.

2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயது மாணவர் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் மகனின் உறுப்புகளைக் கொடையளித்தனர். தமிழகத்தில் உறுப்புக்கொடை பற்றிய விழிப்புணர்வு பரவ அது பெரிதும் காரணமாயிற்று. உறுப்புக்கொடை அளித்தோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை வழங்கப்படும் என்று 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கொடையளிப்பதும் மறுப்பதும் குடும்பத்தாரின் உரிமை. எதை முடிவு செய்தாலும், புரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். எத்தனை முறை வேண்டுமானாலும் எங்களைக் கேளுங்கள்.

அப்பாவின் கை

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பற்றியது நினைவா, அனிச்சையா என்று நாங்கள் எப்படி அறிகிறோம்? பிடிக்கச் சொல்லிப் பார்ப்பது மட்டும் போதாது. உள்ளங்கையில் விரல் பட்டாலே அனிச்சையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே, “அப்பா, விரலை விடுங்க” என்று சொல்லிப் பார்க்கிறோம். “இரண்டு விரலைக் காட்டுங்க”, “நாக்கை நீட்டுங்க” என்றும் கேட்கிறோம். பற்றுவதை அனிச்சை செய்துவிடும். சொன்னதைக் கேட்டு விடுவதை அது செய்யாது. சொன்னபடி மீண்டும் மீண்டும் செய்தால் அவர் திரும்பி வருகிறார் என்று நாங்கள் மகிழ்ச்சியுடன் சொல்வோம்.

விடாவிட்டால் மனம் தளர வேண்டாம். இன்று அனிச்சையாக இருப்பது சில நாட்களில் நினைவாக மாறுவதும் உண்டு. மீட்சி பெரும்பாலும் படிப்படியாகவே வருகிறது. நீங்கள் பேசுங்கள், பெயர் சொல்லி அழையுங்கள், வீட்டுச் செய்தி சொல்லுங்கள். எந்த அசைவை எப்போது கண்டீர்கள், அப்போது என்ன சொன்னீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துச் செவிலியரிடம் கொடுங்கள். நாள் முழுவதும் அருகில் இருப்பவர்கள் நீங்கள். நாங்கள் காணாத நேரத்தில் அவர் விரலை விட்டிருந்தால், அதை முதலில் அறியப்போகிறவர்களும் நீங்கள்தாம்.