நாற்பதுக்குப் பின் ஐம்பது

“கரண்டுதான் இருக்கேக்கா, மெழுகுவர்த்தி எதுக்கு?” என்று கேட்டபடியே எதிர்வீட்டுத் தங்கச்சி உள்ளே வந்தாள். புதன்கிழமை சாயங்காலம். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசை நடுவில் ஒரு சின்னத் திரி எரிந்துகொண்டிருந்தது.

“ஈஸ்டருக்கு” என்றேன்.

“அது முடிஞ்சு பத்து நாளாச்சே! நீங்க குடுத்த பிரியாணியே செரிச்சுப் போச்சு.”

“முடியலம்மா. இன்னைக்குப் பதினோராம் நாள். மொத்தம் ஐம்பது.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சும்மா கேட்கிறவள் இல்லை அவள். கேட்டால் பதில் வரும்வரை இருப்பாள். டீயை ஆற்றி இரண்டு டம்ளர்களில் ஊற்றினேன்.

முதலில் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது தேதிக் கணக்கு. கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25. ஈஸ்டர் மட்டும் ஏன் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் அலைகிறது? “பங்குனி உத்திரம் எந்தத் தேதி, சொல்லு” என்றேன். “அதுக்கு ஏது தேதி? பௌர்ணமியும் நட்சத்திரமும் பார்த்துல்ல வரும்.” எங்களுக்கும் பௌர்ணமிதான். இயேசு சிலுவையில் இறந்தது யூதர்களின் பாஸ்கா விழா நாள்களில். அந்த விழா வசந்தகாலத்து முழுநிலவை ஒட்டி வருவது. ஆகவே எங்கள் விழாவும் நிலவைப் பிடித்துக்கொண்டே வந்தது. ஆனால் ஊருக்கு ஒரு நாளில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325-இல் நிசேயா பொதுச்சங்கம் தீர்மானித்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு: இதுதான் நிலைபெற்ற கணக்கு. அதனால் ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. 2024-இல் பங்குனி உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31.

“அப்ப எப்பவும் பங்குனி உத்திரத்துக்கு அடுத்த ஞாயிறா?”

எப்போதும் இல்லை. மதுரைக்காரர்களுக்கு 2019 ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டு பங்குனி உத்திரம் மார்ச் 21. வானத்தில் நிலவு நிறைந்ததும் அன்று காலையில்தான். அப்படியானால் ஈஸ்டர் மார்ச் 24 அன்று வந்திருக்க வேண்டும். ஆனால் திருச்சபை வானத்தைப் பார்த்து நாள் குறிப்பதில்லை, பழைய அட்டவணை ஒன்றில் உள்ள நிலவைப் பார்த்துத்தான் குறிக்கிறது. அந்த அட்டவணையில் முழுநிலவு மார்ச் 20. ஒரே நாள் வித்தியாசம். அதனால் அடுத்த பௌர்ணமி வரை காத்திருந்து, ஈஸ்டர் ஏப்ரல் 21-க்குப் போனது. சித்திரைப் பௌர்ணமியும் எங்கள் புனித வாரமும் ஒன்றாக வந்தன. மீனாட்சி தேரோட்டத்தன்று எங்களுக்குப் பெரிய வியாழன். அழகர் வைகையில் இறங்கிய அன்று பெரிய வெள்ளி.

“அன்னைக்குத்தானே நாடாளுமன்றத் தேர்தல்! தேர் பார்த்துட்டு ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஓட்டுப் போட்டோமே!”

அதே வியாழன்தான். நாங்கள் ஓட்டுப் போட்டுவிட்டுப் பாதம் கழுவும் சடங்குக்குப் போனோம். அந்த ஆண்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன் என்றேன்.

ஈஸ்டர் என்ற இந்த ஒரு ஞாயிறுதான் எங்கள் ஆண்டுக்கு அச்சாணி. தொடக்ககாலக் கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விழா கிடையாது. வாரந்தோறும் ஞாயிறு, வருடத்துக்கு ஒருமுறை பாஸ்கா என்ற ஈஸ்டர், அவ்வளவுதான். டிசம்பர் 25-க்கு நமக்குக் கிடைக்கிற பழைய சான்று 336-ஆம் ஆண்டு உரோமையைச் சேர்ந்தது. மற்ற காலங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தவை. நவம்பர் 30-ஐ ஒட்டிய ஞாயிறில் திருவருகைக் காலம் தொடங்கும். நான்கு ஞாயிறுகள், ஊதா உடை, காத்திருப்பு. பிறகு குடில், பால் குழந்தை, ஆண்டவரின் திருமுழுக்கு வரை வெள்ளை. தவக்காலமும் ஈஸ்டர் காலமும் போக எஞ்சியதெல்லாம் பச்சை உடுத்தும் பொதுக்காலம், முப்பத்து மூன்று அல்லது முப்பத்து நான்கு வாரம். வேளாங்கண்ணிக் கொடியேற்றமும், தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் அந்தப் பச்சைக்குள்தான் வருகின்றன.

தவக்காலத்தை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கவிச்சி வாசனை வராததை அவள் பார்த்திருக்கிறாள். கணக்கு மட்டும் சொன்னேன். திருநீற்றுப் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் உள்ள ஆறு ஞாயிறையும் கழித்தால் நாற்பது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குட்டி ஈஸ்டர் என்பதால் அன்று நோன்பு கிடையாது. திருநீறு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் பாட்டிகள் ‘விபூதிப் புதன்’ என்பார்கள். போன வருடக் குருத்து ஞாயிறில் மந்திரித்த ஓலைகளை எரித்த சாம்பல் அது. சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஓலைச் சிலுவையைத் தவக்காலம் நெருங்கும்போது கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம். அதுவே நெற்றிக்குத் திரும்பி வரும்.

துக்கம் காப்பது எங்களுக்கு நன்றாக வரும். ஒருசந்தி, சுத்தபோசனம் என்று பழைய ஞானோபதேசம் கற்றுக்கொடுத்த சொற்கள் இன்றும் வீடுகளில் புழங்குகின்றன. வெள்ளிக்கிழமை தோறும் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டுச் சிலுவைப் பாதை. கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து தமிழ் கற்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி இராகத்தில் படிக்கக் கேட்டு அழுதவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பெரிய வெள்ளியன்று மணி ஒலிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். செருப்பில்லாமல் வரிசையில் நின்று சிலுவையை முத்தி செய்வோம். விரதமும் நேர்ச்சையும் ஒப்பாரியும் தெரிந்த மண்ணில் தவக்காலம் வேரூன்றியதில் வியப்பில்லை.

மறுநாள் சனி இரவு வருடத்திலேயே பெரிய இரவு. கோயில் முழுக்க இருட்டு. வாசலில் தீ மூட்டி மந்திரித்து, அதிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். அந்தத் திரியில் அந்த ஆண்டின் நான்கு எண்களும் இருக்கும், ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்திருக்கும். அந்த ஒரு சுடர் இருட்டுக்குள் போகும். அதிலிருந்து ஒருவர் திரியை இன்னொருவர் பற்ற வைத்து, கொஞ்ச நேரத்தில் கோயிலே வெளிச்சமாகும். இந்தச் சடங்கு பல நூற்றாண்டுகள் சனிக்கிழமை காலை வெயிலில் நடந்துவந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல்தான் அதை மறுபடி இரவுக்குக் கொண்டுவந்தார். வெயிலில் ஏற்றிய திரியைப் பார்த்து வளர்ந்தவர்கள், இருட்டில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் அந்த வாசலில் நிற்கையில் நினைத்துக்கொள்வேன்.

“அதுக்கப்புறம் பிரியாணி” என்றாள்.

அதற்கப்புறம் பிரியாணி. என் ஆதங்கமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாற்பது நாள் நோன்பு இருந்தவர்கள் ஒரு மதியச் சாப்பாட்டோடு எழுந்து போய்விடுகிறோம். ஆனால் திருச்சபை அன்றுதான் எண்ணத் தொடங்குகிறது. முதல் எட்டு நாளும் ஒரே நாளாகக் கணக்கு. அதிலிருந்து தூய ஆவியார் பெருவிழா வரை, மொத்தம் ஐம்பது நாளும் ஒரே திருவிழா. ‘பெரிய ஞாயிறு’ என்றே அதைச் சொல்வது பழைய வழக்கு. ஈஸ்டர் நாள் குறித்த அதே நிசேயா சங்கம் இன்னொன்றும் சொன்னது: இந்த ஐம்பது நாளும் யாரும் முழந்தாளிட்டுச் செபிக்கக் கூடாது, எழுந்து நின்றுதான் செபிக்க வேண்டும். உயிர்த்தவரோடு எழுந்தவர்கள் என்பதற்கு அடையாளம் அது. முழந்தாளுக்குப் பழகிய நமக்கு, நிற்பதும் ஒரு செபம் என்று யாரோ சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இந்த நாள்களில் திரிகால செபமும் வேறு, அதை நின்றுகொண்டே சொல்ல வேண்டும். தினசரிப் பூசையில் திருத்தூதர் பணிகள் நூலை வரிசையாகப் படிக்கிறார்கள். பதினான்கு நிலைகளில் ‘ஒளியின் பாதை’ என்று ஒன்றுகூட இருக்கிறது. ஆனால் நம் ஊரில் இது கத்திரி வெயில் காலம், பள்ளி விடுமுறை. பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போய்விடுவார்கள். மே பிறந்தால் மாதா வணக்க மாதம். ஐம்பது நாளும் கண்ணில் படாமலே கரைந்துபோகும்.

“துக்கத்துக்கு நாள் கணக்கு வேணும்க்கா, சரி. சந்தோஷத்துக்கு எதுக்கு?”

நல்ல கேள்வி. அப்போதுதான் 2019-க்குத் திரும்பினேன். அந்த ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் பூசை நேரத்தில் குண்டு வெடித்தது. மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் இறந்தார்கள். நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து செய்தியைப் பார்த்தோம். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு கொழும்பில் கோயில்களில் பூசை இல்லை. பேராயர் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றியதை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

அந்த ஞாயிறின் நற்செய்தி எது தெரியுமா என்று கேட்டேன். பொதுவாக ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் மாறும். ஒரு வருடம் மத்தேயு, ஒரு வருடம் மாற்கு, ஒரு வருடம் லூக்கா. ஆனால் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறின் நற்செய்தி எந்த ஆண்டும் மாறாது. யோவான், இருபதாம் அதிகாரம். சீடர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இயேசு உயிர்த்துவிட்டார், காலையிலேயே செய்தி வந்துவிட்டது, ஆனாலும் கதவு பூட்டித்தான் இருக்கிறது. பூட்டிய கதவுக்குள் வந்து நின்று ‘உங்களுக்கு அமைதி’ என்கிறார். தோமா அங்கே இல்லை. சொன்னதை நம்பவும் இல்லை. எட்டு நாள் கழித்து மறுபடி வருகிறார், அப்போதும் கதவு பூட்டித்தான் இருக்கிறது. தோமாவிடம் காயங்களைக் காட்டுகிறார். உயிர்த்த உடம்பில் காயம் ஆறிப்போகவில்லை.

கொழும்பில் பூட்டிய வீடுகளுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்காக யாரும் தேர்ந்தெடுத்த வாசகம் இல்லை அது. நாள்காட்டி எப்போதோ அந்த இடத்தில் எழுதி வைத்தது.

“சீடர்களுக்கே ஒரே நாள்ல சந்தோஷம் வரலைம்மா” என்றேன். பூட்டிய கதவைத் திறந்துகொண்டு தெருவில் நின்று பேச அவர்களுக்கு ஐம்பதாம் நாள் வரை ஆனது. நம்பிக்கை மெல்லத்தான் உடம்பில் இறங்குகிறது. இழப்பை நாற்பது நாள் பழகுகிறவர்களுக்கு, இழந்தது திரும்பி வந்ததைப் பழக ஐம்பது நாளாவது வேண்டாமா?

அவள் பதில் சொல்லவில்லை. டம்ளரின் அடியில் தங்கிய டீத்தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் தவறி இன்னும் வருடம் திரும்பவில்லை.

வீட்டில் நாங்கள் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சனி இரவு கோயிலில் கையில் பிடித்த திரியைக் கொண்டுவந்து, ஐம்பது நாளும் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் ஏற்றுகிறோம். தவக்காலத்தில் மிச்சம் பிடித்ததை உண்டியலில் போட்டோம் அல்லவா, இப்போது வாரம் ஒரு நாளாவது யாரையாவது கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். செபத்துக்கு எழுந்து நிற்கிறோம்; முழங்கால் வலிக்கும் என் மாமியாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“ஐம்பது நாள் கழிச்சு அந்தப் பெரிய திரியை என்ன செய்வாங்க?”

பீடத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்து ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் திரியை அதிலிருந்துதான் ஏற்றுவது. அடக்கப் பூசை என்றால் மறுபடி எடுத்துவந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றி வைப்பார்கள். என் அம்மா தவறியது ஒரு ஆகஸ்ட் மாதம், பச்சைக் காலத்தின் நடுவில். அம்மாவின் தலைமாட்டில் அந்தத் திரி நின்றது. ஏப்ரல் இரவில் இருட்டுக்குள் நுழைந்த அதே திரி, அதே நான்கு எண்கள். பாதி கரைந்திருந்தது.

வெளியே இருட்டிவிட்டது. அவள் எழுந்து இரண்டு டம்ளர்களையும் கழுவி வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி மேசையைப் பார்த்தாள்.

“இன்னும் எத்தனை நாள் இருக்குக்கா?”

“முப்பத்தொன்பது.”

“நாளைக்கு ஏத்தும்போது ஒரு சத்தம் குடுங்க. நானும் வந்து நிக்கிறேன்.”