அப்பாவுக்குக் காசநோய் (டிபி) என்றால் பிள்ளைக்கும் வருமா?

"அது அந்தக் குடும்பத்து நோய்" என்று பெண் கொடுக்கத் தயங்கிய காலம் உண்டு. மலேசியாவில் நம் ஜெஞ்சாரோமிலும் அந்தப் பேச்சு இன்னும் காதில் விழலாம்.

பரம்பரை நோயா? இல்லை, கிருமியால் வருவது. காசநோயால் இருமுகிறவரோடு ஒரே அறையில் பல நாள் மூச்சுவிட்டால் தொற்றலாம். ஒரு வீட்டில் நாலு பேருக்கு வந்தால், முதலில் அந்த வீட்டுக் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் மரபணுவுக்கு (பெற்றோர் வழி வரும் உடல் குறிப்பு) பங்கே இல்லையா? உண்டு. கிருமி நுழைந்த நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அது நோயாக மாறுகிறது. மற்றவர்களிடம், நுரையீரலிலுள்ள மேக்ரோபேஜ் (கிருமி விழுங்கும் உயிரணு) மற்ற உயிரணுக்களோடு சேர்ந்து அதை வளைத்து அடைத்துவிடுகிறது. இந்தக் காவல் ஆளுக்கு ஆள் மாறும். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பிச்சப்பன் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியக் காசநோயாளிகளிடம் எச்எல்ஏ-டிஆர்2 என்ற மரபணு வகை கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்த வகை உள்ள பெரும்பாலோருக்குக் காசநோய் வருவதே இல்லை. அதற்காக மரபணுச் சோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பரம்பரையைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டுமென்றால் இனிப்புநீரை (நீரிழிவு) பற்றிப் படுங்கள். அது குடும்பவழி வரக்கூடியது. மலேசியாவில் இந்தியர்களிடம்தான் அதிகம். அது காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் நுரையீரல் காவலும் நிலைத்து நிற்கும். சிகரெட் அதைத் தளர்த்தும்.

2018இல் ஜெஞ்சாரோமில் பிளாஸ்டிக் கழிவை எரித்தார்களே, அந்தப் புகை? புகையில் காசநோய்க் கிருமி கிடையாது. ஆனால் எந்தப் புகையும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் எல்லோரும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு. கிருமி மட்டும் இருந்து நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு, கொடுத்தால் மறுக்காதீர்கள்.

நோயாளியை ஒதுக்கி வைக்கணுமா? 1950களில் சென்னையில் நடந்த ஆய்வில், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்தில் (காசநோய் மருத்துவ விடுதி) இருந்தவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாகத் தொற்றவில்லை. தட்டு, குவளையைப் பிரிக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். டாக்டர் சொல்லும்வரை நோயாளி முகக்கவசம் போடட்டும். மருந்து வழக்கமாக ஆறு மாதம். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடலாம். பலர் மருந்தை விடுவதும் அப்போதுதான். விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் உங்களுக்கு இருமல் நீடித்தால், கிளினிக்கில் கேட்கும்வரை காத்திருக்காமல், "அப்பாவுக்கு டிபி இருந்தது, எனக்கு இனிப்புநீர் இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.