நுங்கும் ஈரலும்

வைகாசி வெயிலிலே பனங்கூடலுக்குள் நின்று, சீவிய நுங்கின் கண்ணைப் பெருவிரலால் குத்தி உள்ளிருக்கும் நீரை உறிஞ்சியவர்களும், ஆவணியிலே அதே மரத்துப் பழத்தின் தும்பைப் பிசைந்து களி எடுத்தவர்களும், ஒரே காயினுள் நீரும் நாரும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் விந்தையைக் கையாலேயே அறிந்தவர்கள். ஈரலில் உண்டாகும் கட்டிகளை எம்.ஆர்.ஐ. கருவி இனம்பிரிக்கும் விதமும் ஏறக்குறைய இந்த நீர், நார் என்பவற்றோடு கொழுப்பையும் சேர்த்த கணக்குத்தான்.

1872இல் மானிப்பாயிலிருந்து வைத்தியர் சாமுவேல் கிறீன் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் நூலைத் தமிழிலே வெளியிட்ட காலத்தில், ஈரலின் உட்சரீரத்தைப் பிரேதத்தை அறுத்தே காணவேண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1971இல், எலியின் புற்றுக்கட்டிகளிலே, காந்தப்புலத்தில் கிளர்ந்த ஐதரசன் கருக்கள் தணிவதற்கு ஆரோக்கியமான இழையத்திலும் அதிக நேரம் பிடிக்கின்றதென்று ரேமண்ட் தமாதியன் அறிவித்தார். 1973இல் போல் லோற்றபர் அக்கருக்கள் எழுப்பும் சமிக்ஞைகளைப் படமாக்கும் உபாயத்தைக் கண்டார்.

எம்.ஆர்.ஐ. கருவி கேட்பதெல்லாம் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் கருக்களின் குரலையே. நீர் தடையின்றித் தேங்கி நிற்கும் நீர்க்கட்டியும், குருதி மெதுவாக ஊர்ந்து செல்லும் குழிகளாலான இரத்தக்குழாய்க் கட்டியும், நீரை எடுத்துக்காட்டும் படத்திலே பெற்றோல்மாக்ஸ் விளக்கைப்போலப் பிரகாசிக்கின்றன; கலங்கள் நெருக்கியடித்து நிற்பதால் நீருக்கு இடம் குறைந்த புற்றுக்கட்டியோ மங்கலாகவே வெளுக்கின்றது; முற்றிய நார் கறுத்துக் கிடக்கின்றது.

கொழுப்பைப் பிடிக்கும் தந்திரந்தான் அதிசாமர்த்தியமானது. 1.5 தெஸ்லா காந்தத்திலே கொழுப்பின் கருக்கள் நீரின் கருக்களிலும் செக்கனுக்குச் சுமார் 220 சுற்றுக்கள் பின்தங்குகின்றன, ஆகையால் 2.3 மில்லிசெக்கனில் இரண்டும் எதிரெதிர் முகமாகி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, 4.6இல் மீண்டும் ஒன்றுகூடி ஒலிக்கின்றன. இவ்விரு கணங்களிலும் ஒவ்வொரு படம் எடுத்தால், முதற்படத்தில் கறுத்து மறுபடத்தில் வெளுக்கும் இடத்திலே நீரும் கொழுப்பும் கலந்திருப்பது திண்ணம்.

கட்டியை மாத்திரம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் ஆகாது. தலசீமியா நோயினால் பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவரின் ஈரலில் இரும்பு படிந்து, ஈரல் முழுவதும் கருகினாற்போலத் தோன்றும். அவ்விருளின் நடுவே, இரும்பேறாத கட்டி தன் இயல்புக்கு மேலாகவே வெள்ளையாய்த் தெரியும்.

ஸ்கானிலே ஈரலில் ஏதோ தெரிகின்றதென்று கேட்டுக் கலங்கிய ஒருவரின் நீர்-கொழுப்புப் படங்கள் இரண்டையும் அருகருகே வைத்து, சந்தேகத் திட்டு முதற்படத்தில் மாத்திரம் கறுப்பதையும், அதனூடே குருதிக்குழாய்கள் நெரியாமல், விலகாமல், வந்த வழியே போவதையும் கண்ட கதிரியல் வைத்தியர், அது கட்டியே அன்று, ஓரிடத்திலே சேர்ந்த கொழுப்பு என்று எழுதி அனுப்புகின்றார்.