பிரெஞ்சு வினைச்சொற்களின் அசைப்பிரிப்பும் ஒலிப்பும்

பிரெஞ்சு வினைச்சொற்களின் அசைப்பிரிப்பு என்பது ஒரு வினைவடிவத்தைக் காதில் விழும் உயிரொலிகளின்படி துண்டுகளாக்கிப் பலுக்குவதாகும். இங்கு அசை என்பது யாப்பிலக்கணத்தின் நேர், நிரை அன்று. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை.

தமிழ்நாட்டில் 11, 12ஆம் வகுப்புகளில் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்கலாம். பொதுத்தேர்வு எழுத்துத்தேர்வு என்பதால் வினைவிகுதிகளைப் பிழையின்றி எழுதப் பழகும் மாணவர், அவற்றைக் கேட்டறியப் பழகுவது குறைவு. 'தெல்ஃப்' தேர்விலோ மொத்தம் 100 மதிப்பெண்ணில் கேட்டலுக்கு 25, பேசுதலுக்கு 25.

'பார்லே' (பேசு) என்னும் வினை 'பார்-லே' என ஈரசையாகும். இரு உயிர்களுக்கிடையே ஒரு மெய் வந்தால் அது பின்னுள்ள உயிரோடு சேரும்: 'ஃபி-னீர்' (முடி). இரு மெய் வந்தால் பெரும்பாலும் பிரியும்; ஆனால் 'த்ர', 'ப்ள' போன்றவை பிரிவதில்லை.

நிகழ்காலத்தில் 'நான்', 'நீ', 'அவன்', 'அவர்கள்' ஆகிய நான்கிற்கும் எழுத்தில் ஈறுகள் வேறுபட்டாலும் ஒலிப்பு 'பார்ல்' என்ற ஓரசையே. 'அவர்கள்' வடிவின் ஈற்றில் எழுதப்படும் ஈ, என், டி ஆகிய மூன்றெழுத்துகளும் ஒலிப்பதில்லை. எழுதியதை எல்லாம் வாசித்துப் பழகிய தமிழருக்கு இதுவே முதல் இடறல். இரண்டாவது, பேச்சுவழக்கில் பால் 'பாலு' ஆவதுபோல இதுவும் 'பார்லு' ஆகி ஓர் அசை கூடிவிடுவது. (தென் பிரான்சின் பேச்சில் அங்கு ஒரு மெல்லிய உயிர் கேட்பதுண்டு. ஆயினும் பாடநூல் ஒலிப்பு அதுவன்று.)

'நாம் பேசுகிறோம்' என்பதற்கான 'பார்-லோன்' வடிவில் ஈற்று 'ன்' தனி மெய்யாக ஒலிக்காது, ஓகாரம் மூக்கொலியாகும். இது தமிழருக்குப் புதிதன்று. சேலம், நாமக்கல் பகுதியில் 'நாம போறோம்' என்று இயல்பாகச் சொல்லும்போது ஈற்று மகரத்துக்கு உதடு மூடாமல் ஓகாரம் மூக்கில் முடிவதைக் கவனிக்கலாம். தற்செயலாக, இரண்டும் தன்மைப் பன்மை விகுதிகளே. அந்த ஒலியை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுசெல்லலாம்.

உயிரில் தொடங்கும் வினைகளில் அசை சொல்லெல்லையைத் தாண்டும். 'அவன் விரும்புகிறான்' என்பது 'இ-லெம்'. 'அவர்கள் விரும்புகிறார்கள்' என்பது 'இல்-ஸெம்'. பின்னதில் ஸகரம் ஆங்கில இசட் போல அதிர்ந்தொலிக்கும். ஒருமையா பன்மையா என்பதைக் காதுக்குக் காட்டுவது அந்த ஓரொலி மட்டுமே.