பழைய உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம்: பணம் அனுப்புமுன் கேட்க வேண்டியவை

மழைக்கு முந்திய மாதங்களில் தாயகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் அடிக்கடி கேட்கும் செய்தி ஒன்றுண்டு. "மிசின் நின்றுபோச்சு, சாமான் வாங்கக் காசு வேணும்" என்பதே அது. காலபோக உழவுக்கு முன்னர் இயந்திரம் ஓடாவிட்டால் அந்தப் போகமே கைநழுவிவிடும். கூலிக்கு உழுது கொடுக்கும் குடும்பமாயின் ஆண்டு வருமானமும் அதனுடன் போய்விடும். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்காதவர்கூட உணவகத்தில் உழைத்த காசை அனுப்பிவைக்கின்றார். அப்பணம் பொருந்தாத பாகத்திற்குச் செலவாகிவிடாதிருக்கச் சில விடயங்களை அறிந்திருத்தல் நன்று.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்களுள் மசி பேர்குசன் 35, 135, 240 ஆகியன முக்கியமானவை. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் மக்கள் இடம்பெயர்ந்தபோது கூரைத் தகரம் முதல் நெல்மூடை வரை ஏற்றிச் சென்றவை இவ்வியந்திரங்களின் பெட்டிகளே. புதியதொன்றை வாங்க இயலாத குடும்பத்திற்கு இது வெறும் இரும்பன்று. சீதனத்துக்கும் சோற்றுக்கும் ஆதாரமாக நிற்கும் சொத்து.

இவற்றிற்கு மலிவான பாகங்கள் கிடைப்பதற்கு ஒரு காரணமுண்டு. பிரித்தானியாவின் கொவென்றி நகரத் தொழிற்சாலையில் 1946 முதல் 2002 வரை உழவு இயந்திரங்கள் செய்யப்பட்டன. அத்தொழிற்சாலை மூடப்பட்டபோதும் அதன் வடிவமைப்புகள் மறையவில்லை. சென்னையில் 1960 இல் தொடங்கப்பட்ட டாபே, லாகூரின் மில்லத், முன்னைய யூகோஸ்லாவியாவின் ஐ.எம்.ரி. ஆகிய நிறுவனங்கள் உரிமம் பெற்று அவற்றை உற்பத்தி செய்தன. பேர்க்கின்ஸ் எஞ்சின்களைச் சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் உரிமத்துடன் செய்தது. ஆகவே இங்கிலாந்துப் பாகத்திற்கு ஈடான பாகம், அதனிலும் குறைந்த விலையில், தெற்காசியாவிலேயே கிடைக்கின்றது.

ஆயினும் "35 க்குப் பிஸ்ரன் வேண்டும்" என்று கேட்டால் மட்டும் போதாது. 35 இன் தொடக்ககால டீசல் வகையில் ஸ்ராண்டர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. 1959 இன் இறுதியிலிருந்து பேர்க்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. இவ்விரண்டினதும் எஞ்சின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. நெடுங்காலம் ஓடிய இயந்திரத்தில் எஞ்சினே மாற்றப்பட்டிருக்கவும் கூடும். ஆதலால் முகப்பில் எழுதியுள்ள இலக்கத்தை நம்பாது, எஞ்சினில் பொறிக்கப்பட்ட எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாப் பாகத்திற்கும் உழவு இயந்திரக் கடைக்குப் போகவேண்டியதில்லை. போல் பெயாரிங்குகள் உலகெங்கும் ஒரே அளவுத்திட்டத்தில் செய்யப்படுகின்றன. 6205 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர். எந்த வாகனத்திற்கென விற்கப்பட்டாலும் இவ்வளவு மாறாது. ஒயில் சீல்களிலும் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். சி.ஏ.வி. 296 என்னும் டீசல் பில்ரர் மசி பேர்குசனுக்கு மட்டுமன்றி, போர்ட், டேவிட் பிரவுண் இயந்திரங்கள் பலவற்றிற்கும் பொருந்துவது. எனவே எண்ணைச் சொல்லிப் பொதுக்கடைகளிலும் விலை கேட்கலாம்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்களும் உள. கிராங் ஷாப்டை அளக்காமல் பெயாரிங் ஷெல் வாங்கக் கூடாது. முன்னர் கடைந்த ஷாப்டுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு என, எவ்வளவு கடையப்பட்டதோ அதற்குரிய ஷெல்லே வேண்டும். பேர்க்கின்ஸ் எஞ்சினில் வார்ப்பிரும்பு லைனரும் உண்டு, குரோம் பூசிய லைனரும் உண்டு. குரோம் லைனருக்குக் குரோம் றிங் போட்டால் இரண்டும் விரைவில் கெட்டுவிடும். டீசல் பம்ப் பழுதென்று சொன்னவுடன் புதியதற்குப் பணம் அனுப்ப வேண்டாம். முதலில் பில்ரரை மாற்றி, நொசில்களைச் சோதிக்கட்டும். அதன் பின்னரும் குறை நீங்காவிடில் பம்பைக் கழற்றி, சீல்களை மாற்றி, உரிய கருவியில் அளவு சரிபார்க்கும் பட்டறைக்குக் கொடுக்கலாம்.

பாகத்தை இங்கிருந்து அனுப்புவதா, பணத்தை அனுப்புவதா என்ற வினாவும் எழும். கனமான பாகங்களுக்கு ஏற்றுகூலியும் சுங்கத் தீர்வையும் சேர்ந்து விலையை மிஞ்சிவிடலாம். மூன்று சிலிண்டர் இயந்திரத்துக்கானவற்றை அங்கேயே வாங்குவது மேல். நான்கு சிலிண்டர் 35 இற்குரிய சிறு பாகங்கள் அங்கே அகப்படாவிடில், பிரித்தானியாவில் பழைய இயந்திரங்களைப் பேணுவோருக்கென இயங்கும் கடைகளில் தேடலாம்.

ஆகவே அடுத்த அழைப்பு வரும்போது நான்கு விடயங்களைக் கேளுங்கள்: எஞ்சின் எண் என்ன? கழற்றிய பாகத்தில் பொறித்திருக்கும் இலக்கம் என்ன? அளந்து பார்த்தவர் யார்? இரு கடைகளில் விலை கேட்டாயிற்றா? இக்கேள்விகளைக் கேட்பது உறவுகளை ஐயுறுவதாகாது. இரு பக்கத்திலும் வியர்வை சிந்தி ஈட்டிய காசு அது. விதைப்புக் காலம் பிழையான பாகத்துக்காகக் காத்திருப்பதில்லை.